பானெட் மேல் சீட்

கிளட்ச்சக்கா என்றால் மலையடிவார ஜீப் ஸ்டாண்டில் தெரியாத ஆள் கிடையாது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே ஒரு கிளட்சைக் கருக்கி, ஸ்டாண்டு முழுக்கப் புகையடித்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தார்கள். அவளோ, "ஆமா, கருக்கினேன். உங்க வீட்டுக் கிளட்சா?" என்று கேட்டாள். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். நகையில்லை, நட்டில்லை, மாடி வீடில்லை. தன் மூத்தார், அதாவது வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அண்ணன், ஒரு நாள் மழையில் ஓடைக்கு நடுவே ஜீப்போடு மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் அதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போக வேண்டும். இவ்வளவுதான். சாப்பிடும்போது அதை நினைத்துக்கொண்டால் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும் அவளுக்கு. பாத்திரம் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டால் பாத்திரம் பளபளக்கும்.

ஏன் இந்த வன்மம் என்று கேட்டால் ஜீப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் நல்லதும் கெட்டதும் ஜீப்பில் ஏறித்தான் வந்தன.

முதல் ஜீப் மாமனாருடையது. பட்டாளத்தில் கழித்துக்கட்டிய பழைய பெட்ரோல் வண்டி, ஏலத்தில் எடுத்தது. மேலே தார்ப்பாய்க் கூரை. கதவு கிடையாது, கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சங்கிலி. அதற்குக் கிழவி என்று பெயர். காலையில் நாலு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் பாறையென்ன, சேறென்ன, முனகிக்கொண்டே ஏறிவிடும். மலை உச்சியில் ஒரு விடுதி உண்டு, சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு. சாதாரணக் கார் அந்தப் பாதையில் முதல் வளைவைக்கூடத் தாண்டாது. ஆளானாலும் காய்கறி மூட்டையானாலும் கேஸ் சிலிண்டரானாலும் ஜீப்பில்தான் ஏற வேண்டும். பாதி வழியில் ஒரு ஓடை குறுக்கே போகும், பாலம் கிடையாது, இறங்கித்தான் ஏற வேண்டும். மாமனாரின் இரண்டு மகன்களும் கிழவியில்தான் ஓட்டப் பழகினார்கள். மூத்தவரை ஸ்டாண்டில் பெரியவர் என்பார்கள், இளையவரைச் சின்னவர் என்பார்கள். சின்னவர்தான் கிளட்ச்சக்காவின் வீட்டுக்காரர்.

பெரியவர் வாய்ச்சவடால் பேர்வழி. ஒரு கியர் மாற்றினால் அதைப் பற்றி அரை நாள் பேசுவார். சின்னவர் வாயில்லாப் பூச்சி. எதுவானாலும் உள்ளே போட்டுப் புழுங்குகிற ரகம். மாமனார் போன பிறகு கிழவியை விற்றுவிட்டு, ஆளுக்கொரு டீசல் ஜீப் வாங்கிக்கொண்டார்கள். சண்டையில்லை, சச்சரவில்லை. பெரியவர் நீல வண்டி. சின்னவர் வெள்ளை வண்டி.

வெள்ளைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது கிளட்ச்சக்காதான். தினம் காலையில் துணியை நனைத்து அதை அங்குலம் அங்குலமாகத் துடைப்பாள். "என் முதுகை ஒரு நாளாவது இப்படித் தேய்ச்சு விட்டிருக்கியா?" என்று சின்னவர் கேட்பார். "நீங்க டீசல்லயா ஓடுறீங்க?" என்பாள். அந்த நாளில் அவள் பெரியவரை வாய் நிறைய அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். அவர் மனைவியை அக்கா என்பாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டில் என்று அப்படி ஒட்டிக்கொண்டு இருந்தவர்கள்.

அந்த மலைப்பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி மாட்டிக்கொண்டால், ஓட்டுகிறவர் தன் சீட்டைக் கழற்றி எடுத்து, முன்னால் எஞ்சினை மூடியிருக்கிற பானெட் மேல் வைத்துவிடுவார். கையைக் காட்ட வேண்டாம், தொண்டை கிழியக் கத்த வேண்டாம். பானெட் மேல் சீட் இருந்தால் அந்த வழியாக வருகிற எந்த ஜீப்பும் நின்று, கயிறு போட்டு இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வண்டியில் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தாலும் சரி. மாட்டிக்கொண்டவர் கொக்கியைத் தன் கையாலேயே தன் வண்டியில் மாட்ட வேண்டும். அன்றைக்கு ஸ்டாண்டில் தன் முறையை இழுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கேலியையும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சீட்டைப் பார்த்தும் நிற்காமல் போனவர் அந்த மழைக்காலம் முடிகிறவரை ஸ்டாண்டில் வண்டி போடக் கூடாது. சீட் இல்லையென்றால் யாரும் நிற்க மாட்டார்கள். எஞ்சின் ஆறட்டும் என்று நிற்கிறான் போல என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

மாப்பிள்ளை வாங்கிய பிறகு வந்த முதல் மழைக்காலம். ஒரு நாள் பெரியவர் டீக் கிளாஸும் கையுமாக நின்றுகொண்டு, எல்லார் முன்னாலும் தம்பியிடம், "தனி வண்டி வாங்கிட்டா ஆச்சாடா? முதல் மழைக்கே என் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேல வருவே, பார்த்துக்கிட்டே இரு" என்றார். ஸ்டாண்டு கொல்லென்று சிரித்தது. சின்னவரும் கூடச் சிரித்தார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கிளட்ச்சக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்தான் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிக் குடுங்க" என்று வீடு போய்ச் சேருகிறவரை பொருமினாள்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆகவில்லை. மாப்பிள்ளை ஓடைக்கு நடுவே இரண்டு பாறைக்கு இடையில் முன்சக்கரத்தைக் கொடுத்துவிட்டு நின்றது. மேலே நல்ல மழை. தண்ணீர் ஏறி, வண்டியைப் புரட்டி, பள்ளத்தில் தள்ளி, தகரத்தைத் தகரமாகப் பிய்த்துவிட்டது. சின்னவர் ஒரு மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். விடுதிக்கு விறகு சுமக்கிறவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிளட்ச்சக்கா போர்வையைச் சுற்றி உட்கார வைத்தாள்.

"ஒரு வண்டிகூடவா வரல?" என்று கேட்டாள்.

"அண்ணன் வந்தாரு."

"வந்து?"

"போயிட்டாரு."

"சீட்டு?"

சின்னவர் கொஞ்ச நேரம் போர்வையையே பார்த்தார். "பானெட் மேலதான் இருந்துச்சு" என்றார்.

போதாதா? அந்த நிமிஷம் அவளுக்கு உச்சந்தலையில் ஏறிய சூடு அப்புறம் வருஷக்கணக்கில் இறங்கவே இல்லை. செருப்புகூடப் போடாமல் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பெரியவர் அங்கேதான் நின்றார், தம்பிக்கு என்ன ஆச்சு என்று விசாரித்துக்கொண்டு. அவர் முன்னால் போய் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"சீட்டைப் பார்த்தீங்களா, இல்லையா?"

"சீட்டே இல்லையேம்மா. இருந்திருந்தா நிக்காம போவேனா? என் தம்பிம்மா அவன். நானே கேட்டப்போ அவன்..."

"தம்பின்னு இப்பத்தான் ஞாபகம் வருதா? என் கயித்தைப் பிடிச்சுத்தான் வருவேன்னு இதே இடத்துல நின்னு சொன்ன வாய்தானே இது? கயிறு குடுக்கிற லட்சணம் இதுதானா?"

பெரியவர் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள், சிரித்தும் இருந்தார்கள். இப்போது ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஸ்டாண்டுத் தலைவர் நேரே வீட்டுக்கு வந்து, சீட் பானெட் மேல் இருந்ததா என்று சின்னவரிடமே கேட்டார். போர்வைக்குள்ளிருந்து சின்னவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பின்னாலேயே வந்திருந்த பெரியவர் வாசலில் நின்று அந்தத் தலையாட்டலைப் பார்த்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவருடைய நீல வண்டி அவர் வீட்டு வாசலில் நின்று துருப்பிடித்தது.

"தப்புப் பண்ணலைன்னா இந்நேரம் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருப்பாரே அந்த ஆள்" என்றாள் கிளட்ச்சக்கா. அன்றோடு அத்தான் போய், அந்த ஆள் வந்துவிட்டார். அக்காவும் அந்த ஆள் பொண்டாட்டி ஆனாள். ஒரு தடவை மருந்துக்கடையில் ஓரகத்தி பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கி, "நல்லா இருக்கியாமா?" என்று கேட்டாள். கிளட்ச்சக்கா வாங்க வந்த மாத்திரையை வாங்காமலே வெளியே வந்துவிட்டாள். தலைவலி அவளுக்குத்தான், அதையும் அந்த ஆள் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

சின்னவர் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஜீப்பில் ஏறி உட்காரக்கூட மாட்டார். எஞ்சின் சத்தம் கேட்டாலே முகம் வெளுக்கும். வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஜீப்புகளுக்கு சீட் உறை தைக்க ஆரம்பித்தார். அறை முழுக்க ரெக்சின் சுருளும் பஞ்சும் பசை நாற்றமும். நல்ல கை அவருக்கு. ஒரு சுருக்கம் விழாது. ஆனால் வாய் முன்னைவிட இறுகிப்போனது. அப்படி உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரியும். "சும்மா விட மாட்டேங்க. ஒரு நாள் அந்த ஆள் மாட்டுவாரு. நான் பார்த்துக்கிட்டே போவேன்" என்பாள். சின்னவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருப்பார்.

பார்த்துக்கொண்டே போக வேண்டுமானால் போவதற்கு ஒரு வண்டி வேண்டாமா? அப்படி வந்ததுதான் அவளுடைய முதல் ஜீப். மெக்கானிக் பட்டறைக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்தது. அடித்தகட்டில் இருந்த ஓட்டை வழியாகப் பாதை தெரியும். சேற்றில் போனால் பாவாடைவரை தெறிக்கும். அதற்கு ஓட்டை என்றே பெயர். அதில்தான் அவள் ஓட்டப் பழகினாள், அதில்தான் அந்தக் கிளட்சைக் கருக்கினாள். "அக்கா, காலை அதுமேலேயே வச்சிருக்கக் கூடாது" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "அப்ப காலை எங்க வைக்கிறது, உன் தலையிலயா?" என்று கேட்டாள். ஆனாலும் கற்றுக்கொண்டாள். வன்மம் மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது அவளுக்கு. பயணிகள் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விடுதிக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு பழகிவிட்டார்.

இதற்குள் பெரியவர் நீலத்தைக் கொடுத்துவிட்டு புதுசாக ஒரு சாம்பல் நிற ஜீப் எடுத்துவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து கிளட்ச்சக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரைவிடப் பெரிய வண்டி வேண்டும். தேடிப் பிடித்து நீளமான ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். பின்னால் ஒரு கல்யாண கோஷ்டியே உட்காரலாம், அவ்வளவு நீளம். ஸ்டாண்டில் கொண்டுவந்து சாம்பல் வண்டிக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள். பெருமை முதல் வளைவுவரைதான். வளைவில் மூக்கு திரும்பினால் பின்பக்கம் பாறையில் இடிக்கும். பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்து, ஒவ்வொரு வளைவிலும் பயணிகளை இறக்கி விட்டுத்தான் திருப்ப வேண்டும். ஜீப்பில் ஏறினவர்கள் பாதி மலையை நடந்தே ஏறினார்கள். ஒரு அம்மாள், "நாங்க நடந்தே வந்துட்டோம், சாமானை மட்டும் பத்திரமா கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாம்பல் வண்டி அவளை ஒவ்வொரு நாளும் மெதுவாக ஒதுங்கித் தாண்டிப் போனது. பெரியவர் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

அந்த நீளத்தை யார் தலையிலோ கட்டிவிட்டு, கடைசியாக வாங்கினதுதான் பயில்வான். சிவப்பு வண்டி. குட்டையான உடம்பு, அகலமான டயர், முன்னால் ஒரு வின்ச். பொத்தானை அமுக்கினால் இரும்புக் கயிறு தானே சுற்றிக்கொண்டு, மாட்டிக்கொண்ட வண்டியை அப்படியே இழுத்து மேலே போட்டுவிடும். அந்த மலையில் வின்ச் இருந்த ஒரே ஜீப் அதுதான்.

"வின்ச் எதுக்கும்மா? நாம அவ்வளவா மாட்டிக்கிறதில்லையே" என்று அவளுடைய மகள் கேட்டாள்.

"நமக்கில்ல. அந்த ஆள் மாட்டும்போது பார்க்கணும். எல்லாம் இருந்தும் இவ இழுக்காம போறாளேன்னு அடிவயிறு எரியணும்."

"பெரியப்பா வயிறெரியறதுக்கு நம்ம காசுல வின்ச்சா? நீ பேசாம ஒரு நெருப்புப் பெட்டி வாங்கியிருக்கலாம்."

கிளட்ச்சக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வின்ச்சுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் போட்டாள். யார் மாட்டினாலும் இழுத்தாள், கொஞ்சமும் முகம் சுளிக்காமல் இழுத்தாள். தாண்டிப் போகும்போது என்ன சொல்வது என்றுகூடப் பேசிப் பழகிவைத்திருந்தாள். எஞ்சின் சூடாயிடுச்சா என்று கேட்கலாமா, தம்பி ஞாபகம் வருதா என்று கேட்கலாமா என்று காலியாக இறங்கும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். என்ன செய்வது, பெரியவர் மாட்டவே இல்லை. வாய்ச்சவடால் பேர்வழிதான், ஆனால் ஓட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மழைக்கு மேல் மழை போனது. அவருக்கு மயிர் நரைத்தது. அவளுக்கும்தான்.

அந்த நாளும் வந்தது. மதியம் விடுதியில் சிலிண்டர் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தாள். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஓடைக்குத் திரும்புகிற வளைவில் பிரேக்கை அழுத்தினாள்.

சாம்பல் வண்டி ஓடைக்கு நடுவே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பானெட் மேல் சீட். பழுப்பு ரெக்சின், ஈரத்தில் மினுமினுத்தது. பெரியவர் முழங்கால் தண்ணீரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், தனி ஆளாக. அவளைப் பார்த்தார். கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. வழக்கம்தான் இருக்கிறதே, கூப்பிட என்ன அவசியம்? கொக்கி வந்தால் மாட்டுவதற்குத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பழகிவைத்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் கண்ணுக்குப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரர்தான் தெரிந்தார். முதல் கியரைப் போட்டாள். பக்கவாட்டில் இருந்த இடைவெளியில் பயில்வானை இறக்கி, அவர் மேலெல்லாம் தண்ணீர் தெறிக்க, தாண்டி ஏறினாள். ஏறினதும் ஹாரனை நீளமாக ஒரு அடி அடித்தாள். கண்ணாடியில் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்பது தெரிந்தது.

அடடா, அந்த இறக்கத்தில் அவள் இறங்கின அழகென்ன! ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பாட்டுப் பாடினாள். எத்தனை வருஷத்துப் பசி! வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நனைந்த காலோடு முன்னறைக்குள் ஓடினாள்.

"ஏங்க! முடிச்சுட்டேங்க!"

சின்னவர் தையல் மெஷினில் குனிந்திருந்தார். "எதை?"

"உங்க அண்ணன் ஓடையில மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. பானெட் மேல சீட்டு. நல்லா பார்த்தேன். பார்த்துட்டு, ஹாரனை அடிச்சுட்டு வந்துட்டேன். உங்களுக்கு அவர் பண்ணினதை அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பை எதிர்பார்த்தாள். பதிலுக்கு அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது.

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

"முட்டி வரைக்கும். என்னத்துக்கு?"

"சாவியைக் குடு."

"நீங்களா? வண்டியிலயா? அந்த ஆளுக்காகவா?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை அம்போன்னு விட்டுட்டுப் போனவருக்காகவா?"

"அவர் விட்டுட்டுப் போகல." சின்னவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சீட்டு பானெட் மேல இல்ல. மொதல்ல வச்சிருந்தேன். அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டதும் எடுத்து உள்ள போட்டு, மேல உக்காந்துக்கிட்டேன். என்னன்னு கேட்டாரு. எஞ்சின் ஆறட்டும்னு நிக்கிறேன், நீ போன்னேன்."

"ஏன்?"

"ஸ்டாண்டுல அப்படிப் பேசினாரே. அவர் கயித்தை என் கையால மாட்டணுமா? எல்லாரும் சிரிப்பாங்களே. அடுத்த வண்டி வந்தா சீட்டை எடுத்து வைக்கலாம்னு இருந்தேன். வண்டி வரல. தண்ணிதான் வந்துச்சு."

"என்கிட்ட ஏங்க..."

"நீ கேட்டே. வாயில அப்படி வந்துடுச்சு. சரி பண்றதுக்குள்ள நீ ஸ்டாண்டுக்கு ஓடிட்டே. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றதுக்குக் கஷ்டமாயிட்டே போச்சு."

அவரைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது அவளுக்கு. அவள் தின்ற சோறு, பழகின வண்டி, போட்ட சண்டை, வாங்காமல் வந்த மாத்திரை எல்லாமே இந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரு பொய்மேல் கட்டினது. ஆனால் வெளியே மழை இரைச்சலாகப் பெய்துகொண்டிருந்தது. "ஏறுங்க" என்றாள். சின்னவர் ஏறினார். வழி முழுக்கக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடை செம்மண்ணாக இரைந்துகொண்டு போனது. சாம்பல் வண்டி இருந்த இடத்தில் இல்லை. கீழே பாறையில் தலைகீழாகச் செருகிக் கிடந்தது. பெரியவர் கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை பார்க்கக்கூடாத விதமாக மடங்கியிருந்தது. வின்ச் இழுக்க அங்கே ஒன்றும் மீதி இல்லை. சின்னவர் இறங்கி ஓடி, "அண்ணே" என்று அவர் காலடியில் விழாத குறையாக உட்கார்ந்தார். பெரியவர் தம்பியைப் பார்த்தார், பின்னால் நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்தார்.

"நீ வண்டியில ஏறிட்டியாடா?" என்றார். அந்த வலியிலும் அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். வழுக்கி விழுந்துட்டேன் என்று மட்டும் சொன்னார் பெரியவர். இனி அந்தக் கையால் கியர் போடுவது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னதைக் கிளட்ச்சக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை, படுக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, ஒருத்தரை ஒழித்துக்கட்ட வளர்த்த கோபத்தையெல்லாம் இன்னொருத்தர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

காலையில், "கிளம்புங்க" என்றாள்.

"எங்க?" என்றார் சின்னவர்.

"எங்க பொய் சொன்னீங்களோ அங்க."

ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாரும் டீக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். "சொல்லுங்க. நல்லா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

சின்னவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, திக்கித் திக்கி, சீட்டை எடுத்து உள்ளே போட்டதையும் போர்வைக்குள்ளிருந்து தலையாட்டினதையும் சொன்னார். ஒருத்தரும் டீயை வாயில் வைக்கவில்லை. தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அடப்பாவி, உன் பேச்சைக் கேட்டு உங்க அண்ணனை ஒரு மழைக்காலம் பூரா நிறுத்தி வச்சேனேடா" என்றார். சின்னவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கிளட்ச்சக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் குளுகுளுவென்றிருந்தது. பொய் சொல்லாமல் சொல்வதென்றால், நேற்றைய ஹாரனைவிட இதுதான் அவளுக்கு இனித்தது. நல்லா அழட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தலைவரே" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பெரியவர் மனைவி. இனி அவர் வர மாட்டார், அவர் முறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வந்தவள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சின்னவரை அவள் பார்க்கவே இல்லை. நேரே ஓரகத்தியிடம் வந்தாள்.

"அவர் எதுவும் சொல்ல மாட்டேங்கிறாரு. நீதானே அந்த வழியா வந்தே, நீயாவது சொல்லுமா. நேத்து அவர் வண்டியில சீட்டு பானெட் மேல இருந்துச்சா?"

ஸ்டாண்டு மொத்தமும் கிளட்ச்சக்காவைத் திரும்பிப் பார்த்தது. தலைவர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். எல்லாரையும் வின்ச் போட்டு இழுத்துவிட்ட பொம்பளை, அவளை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. "நேத்து என்ன மழை! கண்ணாடியில தண்ணி வழிஞ்சிருக்கும், பாவம், தெரிஞ்சிருக்காது" என்றார். "ஆமாமா, எங்க தெரியும்" என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். சின்னவர்கூட அழுகையை நிறுத்திவிட்டு, தெரியவில்லை என்று சொல்லிவிடேன் என்பது போல அவளையே பார்த்தார்.

அவள் கட்டியிருந்த கையை எடுத்தாள்.

"இருந்துச்சுக்கா" என்றாள். "நல்லாத் தெரிஞ்சுது. அத்தான் கையைத் துடைச்சுக்கிட்டு நின்னாரு. ஹாரன் அடிச்சுட்டுத்தான் போனேன்."